பன்னிரண்டு கட்டில் ஹால்

காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்தபோது அதன்மேல் கன்னடத்தில் ‘ஹாலு’ என்று அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. தினமும் படுகிற எழுத்துதான். விரலில் பால் வழிந்ததும் அந்தப் பிரசவ வார்டின் வாடை வந்துவிட்டது. பினாயிலும் புளித்த பாலும் கலந்த வாடை.

மகாராஜா காலத்து மைசூரில் நான் நர்ஸ். வயது இருபத்திரண்டு, வாய் நீளம். நீண்ட கூடத்தில் பன்னிரண்டு கட்டில், நடுவே ஒரு தட்டிகூடக் கிடையாது. வெள்ளைக்கார மேட்ரன் அதை ‘ஹால்’ என்பாள். தரை துடைக்க வரும் பீவியம்மா உருதுவில் என் ‘ஹால்’ எப்படி என்பாள்; சௌக்கியமா என்று அர்த்தம். கன்னடப் பெண்களுக்கு ‘ஹாலு’ என்றால் பால். மூன்றும் மூன்று தேசத்துச் சரக்கு. நாலு பாஷை தெரியும் என்று எனக்குத் திமிர். நான் வாயைத் திறந்தால்தான் அங்கே ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியும் என்று நினைத்திருந்தேன்.

கொள்ளேகாலம் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம், சின்னம்மாள். பிள்ளை பிறந்து மூன்று நாளாகியும் பால் சுரக்கவில்லை. துணித்திரியில் வைத்த மாட்டுப்பாலைக் குழந்தை கக்கியது. அழக்கூடத் தெம்பில்லை. பக்கத்துக் கட்டிலில் தாயம்மா, கன்னடக்காரி. அவள் குழந்தை பிறக்கும்போதே இறந்திருந்தது. மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

“நன் ஹாலு ஹாளாய்தைதெ கணவ்வா. ஆ மகீன இல்லி கொடி,” என்றாள் என்னிடம்.

“என்னங்க சொல்றா?” என்றாள் சின்னம்மாளின் மாமியார்.

சாதிக்கும் பயந்தேன், மேட்ரனுக்கும் பயந்தேன். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம் மறைத்து என்ன, வெட்கங்கெட்ட பொய்.

சின்னம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். “அவங்க பால் பாழாப் போவுதாமுங்க அத்தே. பையனைக் குடுங்க.”

“வேத்துச் சாதிடி.”

“அப்ப நம்ம சாதியாவே சாகட்டுங்களா?”

மாமியார் குழந்தையைத் தாயம்மாவிடம் கொடுத்தாள்.

பால், ஹாலு. பாழ், ஹாளு. நம்முடைய ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மேட்ரனின் ஹாலும் பீவியம்மாவின் ஹாலும் வழிப்போக்கர்கள். நம் பாலும் அவர்கள் ஹாலுவும் ஒரே வயிற்றில் பிறந்து எத்தனை நூறு வருஷத்துக்கு முன் பிரிந்தவையோ. எழுத்தே தெரியாதவள் அந்தத் தூரத்தை ஒரு மூச்சில் தாண்டிவிட்டாள். குழந்தை சப்புகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. நான் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு மரம்போல் நின்றேன்.

எட்டாம் நாள் அவர்கள் கிளம்பினார்கள். வாசல்வரை போன மாமியார் திரும்பி வந்து, குழந்தையைத் தாயம்மாவின் மடியில் வைத்தாள். “வழி தூரமுங்க. இன்னொருக்கா குடுங்க.” தமிழில்தான் சொன்னாள். தாயம்மா ரவிக்கையை அவிழ்த்தாள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

போன வருஷம் பேத்தியின் பிரசவத்துக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூடத்தை அறைகளாகத் தடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கதவு. பேத்தியின் மேஜைமேல் பால்மாவு டப்பா. பக்கத்து அறையில் யார், அவள் குழந்தை பிழைத்ததா என்று கேட்டேன்.

பேத்திக்குத் தெரியவில்லை.