தகப்பன் பெயர் இல்லாமல் வாசித்த ஓலை

1. முதல் நாள்

ஆறாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவன் நான். ஓட்டலில் மாவாட்டினேன், கப்பலில் நிலக்கரி தள்ளினேன், ஒரு வருஷம் எதுவும் செய்யவில்லை. யுத்தம் முடிந்த கையோடு சென்னையில் கிடைத்த வேலை, வேதப் புத்தகம் விற்பது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எனக்கு ஒதுக்கிய லைன். எல்லாம் நடைதான். ஒவ்வொரு சுவிசேஷமும் தனிச் சிறு புத்தகமாக அச்சாகி வரும். எங்கள் பேச்சில் அதற்குப் போர்ஷன் என்று பெயர்.

முதல் நாள் புத்தக டிப்போ சூப்ரண்டு ஒன்றுதான் சொன்னார்: "மத்தேயுவை முதல் பக்கத்துல திறந்து காட்டாதே. பேர்ப் பட்டியலைப் பார்த்தா ஆள் மூடி வெச்சிடுவான். அஞ்சாம் அதிகாரத்துல மலைப் பிரசங்கம் இருக்கு, அதைக் காட்டு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பு வரை யாருக்கு யார் பிள்ளை என்று வரிசையாகப் பெயர்கள். நானே அதைப் படித்ததில்லை. போர்ஷனை ஐந்தாம் அதிகாரத்தில் விரித்து முதுகை அழுத்தி வைப்பேன். வாங்குகிறவர் கையில் தானாக அங்கே திறக்கும்.

2. நான் உண்டாக்கிய உபதேசியார்

வீடு வீடாகப் போகிறவனிடம் ஜனங்கள் வரனும் கேட்பார்கள். மந்தைவெளியில் ஞானம்மாள் என்ற விதவை கேட்டார். மகன் சாமுவேல் டிராம் கண்டக்டர். அடையாற்றில் ஒரு பெண்கள் விடுதியில் தையல் சொல்லிக்கொடுத்த சுகிர்தம் என் நினைவுக்கு வந்தாள். குழந்தையாக ஆஸ்பத்திரி வாசலில் கிடந்து, அந்த விடுதியிலேயே வளர்ந்தவள். அதைச் சொன்னால் ஞானம்மாள் கதவைச் சாத்திவிடுவார். தன் பாட்டனுக்குப் பாட்டன் எங்கே ஞானஸ்நானம் பெற்றார் என்பதுவரை சொல்லக்கூடியவர் அவர். அதனால், தெற்கே ஒரு கிராமச் சபையில் ஊழியம் பார்த்த உபதேசியாரின் மகள், தகப்பன் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். இப்படிச் சொன்னது சுகிர்தத்துக்குத் தெரியாது.

பெண் பார்க்க விடுதிக்கே வந்தார்கள். டூட்டிக்கு முன் வந்ததால் சாமுவேல் காக்கி உடுப்பில் இருந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது. ஞானம்மாள்கூட அவள் தைத்த ரவிக்கையைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஓலைப் பேச்சு வந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் என்று கோயிலில் வாசிப்பதை ஓலை என்போம்.

"உங்கப்பாரு பேரு இன்னாம்மா? எந்த ஊரு சபைல உபதேசியாரா இருந்தாரு?"

சுகிர்தம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பா பேரு தெரியாதும்மா. என்னை ஆஸ்பத்திரி வாசல்ல எடுத்தாங்க. உபதேசியார்னு யார் சொன்னாங்களோ, எனக்குத் தெரியாது."

ஞானம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, வேதத்தைப் பைல வெச்சிக்கினு பொய்யை வாய்ல வெச்சிக்கினு திரியிறியே."

எழுந்துவிட்டார். சாமுவேல் எழவில்லை. ஓலையில் என்ன வாசிக்கச் சொல்வது, சபையே சிரிக்காதா என்று மகனைக் கேட்டார்.

சுகிர்தம் அழவில்லை. மத்தேயுவின் முதல் பக்கத்திலும் பெண்கள் வருகிறார்கள், அங்கே ஒருத்திக்கும் தகப்பன் பெயர் போட்டிருக்காது என்றாள். சின்ன வயதிலேயே அதைத் தேடிப் பார்த்துவிட்டாளாம். ஞானம்மாள் நம்பவில்லை. என் பையிலிருந்து ஒரு போர்ஷனைப் பிடுங்கி மகனிடம் நீட்டினார். அது வழக்கம்போல் ஐந்தாம் அதிகாரத்தில் திறந்தது. அவன் முன்பக்கத்துக்குத் திருப்பி, ஸ்டாப்பிங் பெயர் கூவுகிற மாதிரியே படித்தான்.

"மெதுவா படிடா. இங்க யாரும் எறங்கப் போறதில்ல."

தாமார் வந்தாள். அவள் அப்பன் பெயர் என்ன என்று கேட்டார். போடவில்லை என்றான். ராகாப், ரூத், அவர்களுக்கும் இல்லை. உரியாவின் மனைவிக்கு அவள் பெயரே இல்லை. அவர்கள் கதை ஞானம்மாளுக்குத் தெரியும். மாமனாருக்குப் பிள்ளை பெற்றவள், வேசி, அந்நிய தேசத்து விதவை, ராஜா எடுத்துக்கொண்ட அடுத்தவன் மனைவி. கடைசியில் மரியாள் வந்தாள்.

"அவளுக்குமாடா?"

"அவளுக்கும் போடலம்மா. யோசேப்பு ஏசுவைப் பெத்தான்னும் போடல. மரியாள் புருஷன்னுதான் கீது."

ஞானம்மாள் உட்கார்ந்தார். பிறகு, "குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார்.

3. தெரிந்துகொண்டது

அன்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். வம்சப் பட்டியல் என்றால் நல்ல குலம் என்று காட்ட எழுதுவது என்றிருந்தேன். இதுவோ, மற்றவர்கள் மறைத்திருக்கக்கூடியவர்களை வெளிப்படையாக எழுதிய பட்டியல். முடிவில் ரத்த வழியிலும் அது போய்ச் சேரவில்லை. தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட யோசேப்பு என்ற தச்சன் வழியாக இயேசுவிடம் வருகிறது. அப்படியானால் அந்த வம்சத்தில் எவருக்கும் இடம் உண்டு, எனக்கும்தான். ஆண்டவர் சேர்த்துக்கொண்டவருக்கு நான் ஒரு தகப்பனை உண்டாக்கிக் கொடுக்கத் தேவையில்லை. இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

கல்யாணம் நிச்சயமானதும், சங்கடம் வேண்டாமே என்று, விடுதி நிர்வாகியின் பெயரைத் தகப்பன் இடத்தில் போடலாம் என்றாராம் போதகர். ஞானம்மாள் சம்மதிக்கவில்லை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு நான் கடைசி வரிசையில் இருந்தேன். மாப்பிள்ளையின் பெயரை அவன் தகப்பன் பெயரோடு வாசித்த போதகர், "சுகிர்தம்" என்றார். அதோடு நிறுத்தினார். பல தலைகள் திரும்பின. ஞானம்மாள் சுகிர்தத்தைத் தன் பெஞ்சில், தன்னை ஒட்டி உட்கார வைத்திருந்தார். யார் பார்க்கிறார்கள் என்று அவர் திரும்பவே இல்லை.