மெலடி என்றால் படகை இறக்கலாம்

ராஜா அண்ணாமலைபுரத்து நீரஜாவுக்குப் பாட வேண்டும் என்றுதான் ஆசை. அரசு வானொலியின் குரல் தேர்வுக்கு மூன்று முறை போனாள். மூன்று முறையும் தேறவில்லை. "பாட்டு வேண்டாம், பேச்சு நன்றாக வருகிறதே" என்று அங்கேயே தற்காலிக அறிவிப்பாளராக உட்காரவைத்துவிட்டார்கள். தலை நரைக்கும்வரை மீனவர்களுக்கான கடல் வானிலையைச் சுலோகம் சொல்லும் சுத்தத்தோடு வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நிலையத்துக்கு இளமை திரும்பியது. இளைஞர்கள் யாரும் கேட்பதில்லை என்று மேலிடம் கவலைப்பட்டதில், வானிலை, விவசாயம், மங்கல இசை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு 'துள்ளல்' என்ற பெயரில் புதுப்பாட்டு அலைவரிசை தொடங்கினார்கள். புது அதிகாரி நெடுஞ்செழியன் இரண்டு உத்தரவு போட்டார். நேயர்களை 'மச்சி' என்று அழைக்க வேண்டும். வானிலை பற்றி மூச்சு விடக் கூடாது, இளைஞர்களுக்குத் தூக்கம் வந்துவிடுமாம். நீரஜா உத்தரவை மீறி அறியாதவள். ஆனாலும் வளர்ந்த வளர்ப்பு விடுமா? "வணக்கம், மச்சி அவர்களே" என்றாள்.

முதல் மாலை வந்த ஒரே அழைப்பு பட்டினப்பாக்கத்து மீனவர் ஏசுராஜுடையது. ஐம்பதைத் தாண்டிய மச்சி.

"அம்மா, நாளைக்குக் கடல் எப்டி கீது?"

"பாட்டு மட்டுந்தான் கேட்கலாம், மச்சி அவர்களே."

"சரி, கடலுக்குத் தோதா ஒண்ணு போடு."

வானிலைத் தாள் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் அவள் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. கடல் அமைதி என்றிருந்தது. மெலடி ஒன்றைப் போட்டாள். சில நாள் கழித்துக் காற்று பலக்கும் என்று தாள் சொன்னபோது குத்துப்பாட்டு போட்டாள். ஏசுராஜின் மீனவர் குப்பத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மெலடி என்றால் படகை இறக்கலாம், குத்து என்றால் கரையில் கிட. கைபேசியிலும் எச்சரிக்கை வராமலில்லை. லோன் விளம்பரங்களுக்கு நடுவே அதை யார் பார்க்கிறார்கள்?

தினமும் குப்பமே போன் போட்டுப் பாட்டுக் கேட்டது. 'இளைஞர் எழுச்சி' என்று நெடுஞ்செழியன் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். எழுச்சியின் வயதை யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் அவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. மழை என்றால் இளைஞர்களுக்குக் காதல் வரும். ஆகவே 'மழைக்கால மெலடி வாரம்'. பாட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பூட்டியும் விட்டார். அன்று மாலை வந்த தாளில் புயல் சின்னம், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்றிருந்தது. முதல் மெலடி அதற்குள் இழைந்து இழைந்து போய்க்கொண்டிருந்தது. விடிவதற்குள் குப்பத்துப் படகெல்லாம் இறங்கிவிடும்.

நீரஜா நெடுஞ்செழியனிடம் ஓடினாள். "சார், கடல் கொந்தளிக்கப் போறது. ஒரே ஒரு குத்துப்பாட்டு போட விடுங்கோ!"

"மழைக்கு எவன் மேடம் குத்துப்பாட்டு கேப்பான்? மூடே போயிடும். அப்புறம் வானிலை பேசினீங்கன்னா நாளைலேர்ந்து வர வேணாம்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். வானிலை பேசக் கூடாது, சரி. பாடக் கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லையே! முந்தானையை இடுப்பில் செருகினாள். மெலடியை அமுக்கிவிட்டு மைக்கைத் திறந்தாள். மேசையில் இரண்டு கையாலும் அடித்து, "டண்டணக்கா!" என்று எடுத்தாள். பாட்டுக்கு வார்த்தை வேண்டுமே! "துவரம்பருப்பு டண்டணக்கா, வெந்தயம் கடுகு டண்டணக்கா" என்று வீட்டு மளிகைச் சாமானையெல்லாம் இறக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெடுஞ்செழியன் வெறிபிடித்தவர்போலத் தட்டினார். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டாள்.

விடியற்காலை அடித்த காற்றில் குப்பத்துக் கூரைகள் பறந்தன.

அன்று மாலை அவள் மேசையில் ஓலை காத்திருந்தது. குரல் தேர்வில் தேறாதவர் ஒலிபரப்பில் பாடியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது சிவந்துபோனது. இன்றோடு கதை முடிந்தது என்று எண்ணியபடி மைக்கின் முன் உட்கார்ந்தாள். போன் அடித்தது. ஏசுராஜின் மனைவி ஜான்சி.

"நேத்து பாடினியேம்மா, அந்தப் பாட்டு நல்லாவே இல்ல" என்றாள் ஜான்சி. "ஆனா எங்க ஊட்டுக்காரரு ஊட்லதான் கீறாரு."