செருப்பைக் கழற்றி ஏறும் பெட்டி

இழுத்துப்போகக் கார் இல்லாமலே படுத்துறங்க வசதியுள்ள சக்கர வீடான ஒரு பழைய கரவனை வாங்கி, புலம்பெயர்ந்து வாழும் நோர்பரி வீட்டு வாசலில் நிறுத்தித் திருத்திக்கொண்டிருப்பவன் நான். ஏன் வாங்கினேன் என்பது, அதன் உக்கிய தரைப்பலகையைப் பெயர்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. நனைந்த மரவாசம். எட்டு வயதில், போரால் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த நாட்களில் நாங்கள் படுத்த ட்ராக்டர் பெட்டியின் அதே வாசம்.

மேலே கூரையாகக் கட்டிய தறப்பாளில் மழை. பக்கத்தில் அப்பாவின் குறட்டை. "பெட்டியெண்டாலும் வீடுதான், செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறு" என்பார் அம்மா. பெரியவர்களுக்கு அது ஓட்டம், எனக்குச் சுற்றுலா. அப்பா இப்போது இல்லை. அப்படி ஆழ்ந்து நான் பிறகு தூங்கியதும் இல்லை.

புதுத் தரை போட்டு, மெத்தை விரித்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒரு இரவைக்கு இதில படுப்பமே அம்மா?"

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சுற்றிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா அண்டைக்கு எங்களுக்கு வீடில்லை. உனக்கு இப்ப என்ன வந்தது?"