வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு கேஸ் கிணறு

ஷார்ஜாவில், முவைலாவில் எங்கள் அறைக்காரர்கள் என்னை ‘ஷேக்’ என்று கூப்பிட ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில். அன்று காலைதான் என் மனைவி ஊரிலிருந்து போனில் சொன்னாள். எங்கள் வயலுக்கு அடியில் கேஸ் இருக்கிறதாம், கம்பெனிக்காரர்கள் வந்து குத்தகைக்குக் கேட்கிறார்களாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அறையில் சொல்லித் தொலைத்தேன்.

“ஷேக்குக்கு அந்தப் பெரிய லெக் பீஸை வைங்கப்பா.”

“இனிமே நீங்கதான் எங்களுக்கு ஸ்பான்சர், கஃபீல் எல்லாம். விசா அடிச்சுக் குடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே பாலைவனத்தில் இருந்த ஒரு கேஸ் பிளாண்டில். கேஸ் டெஸ்டர் வேலை. யாராவது ஒரு குழாயைத் திறக்கவோ வெல்டிங் வைக்கவோ போவதற்கு முன்னால், கையில் ஒரு மீட்டரோடு நான் போய்க் காற்றில் விஷம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதாவது எல்லாருக்கும் முன்னால் போகிறவன். அங்கே பூமிக்குள்ளிருந்து வருகிற கேஸில் ஒரு சனியன் கலந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் அடிக்கிறவரை பயமில்லை. அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிடும். ‘அப்பாடா, போய்விட்டது’ என்று நாம் நினைக்கிற அந்த இடத்தில்தான் ஆள் விழுவான். முதல் நாள் பயிற்சியிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நல்ல காற்றைக்கூட நான் முழுசாக நம்பியதில்லை.

அந்த பிளாண்டில் தினமும் முகம் மழித்தாக வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காராது, இடுக்கு வழியாகக் கேஸ் நுழைந்துவிடும். கேட்டில் காவலாளி கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவான். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட ஆசைப்பட்டவர்கள்கூட மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். அதனால் நான் ஊருக்கு அனுப்பிய போட்டோவில் எல்லாம் என் முகம் மொழுமொழுவென்று இருக்கும். “ஆபீசர் மாதிரி இருக்கீங்க” என்பாள் மனைவி. நான் மறுத்ததில்லை.

ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். நான் மட்டுமா? எங்கள் அறையில் சாரத்தில் ஏறி நிற்கிறவன் அவன் வீட்டைப் பொறுத்தவரை ஸ்டோர் கீப்பர். வெல்டர் அவன் வீட்டில் சூப்பர்வைசர். துபாய் சோனாப்பூரில் எந்த லேபர் கேம்ப்பில் போய்க் கேட்டாலும் இதே கதைதான். ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்து வளைகுடாவில் வெயிலில் நிற்கிறவன் ஒருத்தன்கூடக் கிடையாது. இதில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருவன் வீட்டோடு பேசும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் டூட்டியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். வெளிநாட்டில் இருக்கிறவன் நிலம் வாங்கினால் பெரும்பாலும் மனைவி பெயரில்தான் வாங்குவான். பதிவு ஆபீசில் போய் நிற்க அவன் ஊரில் இருந்தால்தானே? அப்படித்தான் அந்த வயலும் அவள் பெயரில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் சரியாக வராமல் அது தரிசாகக் கிடந்த காலம். அதனால் கம்பெனியின் நில அதிகாரி வாசலில் வந்து நின்றபோது அவளுக்குக் குலசாமியே நேரில் வந்தது போல இருந்திருக்கிறது.

“நீங்க பாக்குற அதே கேஸ் வேலைதாங்க, நம்ம வயல்லயே வருது” என்றாள், சந்தோஷம் தாங்காமல்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த விஷவாயு காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து, பள்ளமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொள்ளும். வாய்க்கால் பள்ளம். எங்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு, என் இடுப்புக்குக்கூட வர மாட்டாள். தண்ணீர் இல்லாத அந்த வாய்க்கால்தான் சாயங்காலத்தில் அவளுக்கு விளையாட்டு மைதானம். டூட்டியில் மீட்டரைத் தாழ்த்திப் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் அந்த உயரத்தில் வந்து நிற்கும். மீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

பிளாண்டில் எனக்கு மேலதிகாரி ஒரு டெக்சாஸ்காரர். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் ஊரில் நிலத்துக்கு அடியில் இருப்பதும் நிலத்துக்காரனுக்கே சொந்தமாக இருக்கலாமாம். அவர் குடும்பத்துக்கு அப்படி ஒரு நிலம் இருந்ததாம். குத்தகை எப்படிப் பேச வேண்டும் என்று டீ குடித்துக்கொண்டே சொன்னார். முதல் தடவை கேட்கும்போது சரி என்று சொல்லாதே. கிணறு எந்த இடத்தில் என்று குறிப்பாக எழுதச் சொல், ‘நிலத்தில் எங்காவது’ என்று எழுத விடாதே. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி வாங்கு. வேலை முடிந்து போகும்போது குழியை மூடுவது யார் என்று கேள். எடுக்கிற கேஸில் உனக்கு என்ன பங்கு என்று கேள். நான் பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நில அதிகாரி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி செல்போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். நான் முவைலாவில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் நின்றேன். அறையில் பேசினால் ஷேக் பட்டம் இன்னும் உறுதியாகிவிடும்.

“எடுக்கிற கேஸ்ல எங்களுக்கு என்ன பங்கு?” என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. மரியாதையான சிரிப்புதான்.

“சார், அதெல்லாம் அமெரிக்கால. இங்க மேல இருக்கிற மண்ணுதான் உங்களுது. கீழ இருக்கிற கேஸு சர்க்காருது. நாங்க கேக்குறது மேல நிக்கிறதுக்கு இடம், அவ்வளவுதான்.”

“குடுக்க முடியாதுன்னா?”

“பக்கத்து வயல்ல கேப்போம் சார். கிணறு எப்படியும் வந்துரும். வாடகை மட்டும் அவங்களுக்குப் போயிரும்.”

மிரட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த மனிதர் பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. விஷவாயு கலந்திருக்குமா என்று கேட்டேன். நம்ம ஊர் கேஸ் சுத்தமானது சார், அந்தப் பிரச்சினையே கிடையாது என்றார். அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க எனக்குத்தான் வழியில்லை.

“எந்த விஷம்?” என்று மனைவி குறுக்கே கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்” என்றேன்.

அங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். கேஸ் எவ்வளவு ஆபத்து என்று சொன்னால்தான் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். சொன்னால், இத்தனை வருஷம் நான் எப்படிப்பட்ட இடத்தில் நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் கிணறு வரும். அதிகாரி போன பிறகு அவளே என்னைத் திருப்பிக் கேட்டாள்.

“எதுக்கு இப்படிப் பயந்து சாவுறீங்க? நீங்களும் அதுலதானே வேலை பாக்குறீங்க? அவ்வளவு ஆபத்துன்னா உங்கள எப்படி அங்க வச்சிருக்காங்க?”

போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் பிளாண்டில் ஒரு வால்வு கசிந்தது. சைரன் அலறியதும் எல்லாரும் கம்பத்தில் பறக்கிற காற்றுப்பையைத்தான் பார்த்தோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அது காட்டும், நாம் அதற்குக் குறுக்கே ஓட வேண்டும். “பாய், ஜல்தி, ஜல்தி!” என்று யாரோ கத்திக்கொண்டே ஓடினார்கள். எங்கள் முன்னால் ஓடிய ஒரு ஃபிட்டர் மாஸ்க்கை எடுத்தவர் அதை மாட்டவில்லை. அப்படியே மடங்கி உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். நானும் இன்னொருவரும் அவரைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை அவருக்குத் தன் பெயரே சொல்லத் தெரியவில்லை. நாங்கள் கேட்கக் கேட்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் சைரன் கிடையாது, காற்றுப்பை கிடையாது. வாய்க்காலில் விளையாடுகிற பிள்ளைக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆள் கிடையாது. சாயங்காலம் அறைக்கு வந்து குளிக்கக்கூட இல்லை, மாடிப்படிக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசி ரூம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. தினம் முகம் மழிப்பது அழகுக்கு இல்லை, மாஸ்க்குக்கு. நாற்றம் நின்றால் சாவு. இன்று ஒருத்தர் என் கண் முன்னால் விழுந்தார். இதைத்தான் நீ கொல்லைக்குப் பின்னால் கூப்பிடுகிறாய் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. கீழே கிராசரிக் கடைக்குப் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?” என்று மட்டும் கேட்டாள் அவள். இல்லை என்றேன். “சரி, வைக்கிறேன்” என்றாள்.

பயம் காட்டிவிட்டோம், இனி கையெழுத்துப் போட மாட்டாள் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் நில அதிகாரி வந்திருந்தார். இந்த முறை நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. அவள் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள். கிணறு வயலின் அந்தக் கோடியில்தான் வர வேண்டும், வாய்க்கால் பக்கம் எதுவும் வரக் கூடாது. சைரன் வைக்க வேண்டும். கம்பம் நட்டுக் காற்றுப்பை கட்ட வேண்டும். தோண்டுகிறபோது குழந்தைகள் போகாதபடி வேலி போட வேண்டும். போகும்போது குழியை மூடிவிட்டுப் போக வேண்டும். எல்லாம் குத்தகையில் எழுத்தில் வேண்டும். டெக்சாஸ்காரர்கூட இவ்வளவு கறாராகக் கேட்டிருக்க மாட்டார். ஆளைத் துரத்துவதற்குத்தான் இப்படிக் கிடுக்கிப்பிடி போடுகிறாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

“அம்மா, இவ்வளவு விவரமா கேக்குற ஆள நான் பாத்ததில்ல” என்றார் அதிகாரி. “சரி, எழுதித் தர்றோம். வேற?”

“கிணத்துக்குக் காவலுக்கு ஆள் போடுவீங்கல்ல? நிலம் குடுக்குறவங்க வீட்டு ஆளுக்குத்தானே அந்த வேலை?”

“ஆமாம்மா, அது வழக்கம்தான். யாரப் போடணும்?”

“எங்க வீட்டுக்காரர.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ஏய், என்ன பேசுற நீ? கையெழுத்துப் போடாத!” என்று கத்தினேன்.

அதிகாரியின் குரல் தணிவாக வந்தது. “சார், அம்மா போட்டுட்டாங்க.”

அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். ஸ்பீக்கரை அணைத்ததும் அவள் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது.

“பைத்தியமா உனக்கு? அத்தனையும் சொன்னேனே!”

“நீங்க சொன்னதாலதான் போட்டேன். நான் மாட்டேன்னா பக்கத்து வயல்ல, வாய்க்கால ஒட்டித் தோண்டுவான். வரப்பு பாத்தா கேஸ் வரும்? நம்ம இடம்னா நம்ம சொல்ற கோடியில தோண்டுவான்.”

“அதுக்கு நான் எதுக்கு வாட்ச்மேன்?”

“பின்ன? இனிமே நீங்க அந்த மாஸ்க்க மாட்டிக்கிட்டு எல்லாருக்கும் முன்னால போறத நினைச்சுக்கிட்டே நான் இங்க சோறு பொங்கணுமா? கணக்க முடிச்சிட்டு வந்துருங்க.”

“வந்தா மட்டும்? அங்கயும் அதே கேஸ்தானே இருக்கு? பயம் போயிருமா?”

“போகாது” என்றாள். “பயப்படுறதுன்னா மூணு பேரும் ஒரே வீட்டுல இருந்து பயப்படுவோம். நீங்க அங்க தனியா பயந்ததும் போதும், நாங்க இங்க ஒண்ணும் தெரியாம சிரிச்சுக்கிட்டு இருந்ததும் போதும்.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.