கருவாட்டு வாடை அடித்த ஆயிரம்

தென்றி, டாயெங் சன்னாங்கிடம் ஆயிரம் ரிங்கிட் கடன்பட்டிருந்தாள். ஒரே ஒரு மத்தியானத்துக்கு மட்டும். செலவழிக்க அல்ல, காட்ட.

நுனுக்கானில் படகேறி, எல்லை தாண்டித் தாவாவில் இறங்கும் எங்கள் சனத்துக்கு இது பழகின சங்கதி. மடியில் கனமில்லாதவனை அக்கரை அதிகாரிகள் உள்ளே விடமாட்டார்கள். அதற்கென்றே, அண்ணன் முறை வைத்து நாங்கள் டாயெங் என்று கூப்பிடும் கருவாட்டு வியாபாரி சன்னாங் கூடவே படகில் வருவான். இக்கரையில் நோட்டுக்கட்டைக் கொடுத்து, அக்கரையில் முத்திரை விழுந்ததும் வெளிவாசலில் வாங்கிக்கொள்வான். வாடகை ஐம்பது.

இன்றைக்குத் தென்றி மூன்று துணிக்கடைக்குச் சொந்தக்காரி. யாரும் தூக்கிவிடவில்லை, தானாக ஏறியவள். அன்று அவளிடம் இருந்தது ஒரு பட்டுச் சாரோங். மறுநாள் தாவாவில் அக்காள் மகளுக்குக் கல்யாணம். பெண் உடுத்தவேண்டியதே அதுதான்.

"எவ்வளவு வெச்சிருக்கீங்கக்கா?" என்றான் சாளரத்து அதிகாரி.

"ஆயிரம்."

"யார் காசு?"

"என் காசுதான். ஊரான் காசையா தூக்கிட்டு வருவேன்?"

அவன் எண்ணினான். எச்சில் தொட்டு மறுபடி எண்ணினான்.

"தொள்ளாயிரத்து அம்பதுதானே இருக்கு? சொந்தக் காசு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியலையா?" நோட்டை மூக்கருகே கொண்டுபோனான். "இந்தக் கருவாட்டு வாடை போன வாரமும் இங்க வந்துச்சே! போய் அந்த பெஞ்சுல உக்காருங்க."

சன்னாங் வாடகையை முன்னாலேயே பிடித்துக்கொண்டு கொடுத்திருக்கிறான், பாவி. கொடுத்தவன் முகத்துக்கு நேரே எண்ணினால் அவனைத் திருடன் என்றதாகும் என்று, எங்கள் ஊர் வழக்கப்படி அவள் எண்ணாமல் முடிந்துகொண்டாள்.

பாஸ்போர்ட் அதிகாரியின் மேசை இழுப்பறைக்குள், கட்டு மறுபடி அவள் மடியில். கண்ணாடிக்கு அப்பால் சன்னாங், கையை விரித்து விரித்துக் காட்டினான். பின்னால் படகு சங்கு ஊதியது. முத்திரை விழாதவர்களை அதிலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள். திரும்பினால் அவன் காசோடு ஓடியவள் என்ற பெயர். முன்னே போக வழியில்லை. எங்கள் சனத்துக்கு மானம் போனால் சோறு இறங்காது. பொறியில் விழுந்த எலிக்காவது தேங்காய்ச் சில்லு கிடைக்கும், இவளுக்கு அதுவும் இல்லை.

இரண்டாம் சங்கு ஊதியதும் எழுந்தாள். சாரோங்கின் மடிப்பைப் பிரித்து, திரும்பிப்போக வைத்திருந்த ஐம்பதை எடுத்துச் சாளரத்தில் வைத்தாள்.

"தம்பி, பொய் சொல்லிட்டேன். அந்தக் கட்டு வாடகைக் காசு. என் காசு இது ஒண்ணுதான். நாளைக்குக் கல்யாணம், பொண்ணு உடுத்துற துணி இந்தா. முடிஞ்சதும் போயிடுறேன்."

அதிகாரி அந்த நோட்டையும் முகர்ந்தான். பூச்சி அரிக்காமல் சாரோங்கில் வைத்த கிராம்பு மணந்தது.

"ஆமா, இது உங்க காசுதான்," என்று சிரித்துவிட்டான். "ரெண்டே நாள். மூணாம் நாள் மேலதிகாரிங்க உங்கள இங்க பாத்தாங்கன்னா, அந்த பெஞ்சுல நானும் உங்க பக்கத்துல உக்காரணும்." முத்திரை விழுந்தது; பாஸ்போர்ட்டோடு அந்த ஐம்பதையும் அவள் பக்கம் தள்ளினான்.

வெளிவாசலில் சன்னாங் பாய்ந்து வந்தான். "உள்ள என்ன, குடித்தனமா நடத்தினே? எங்க என் ஆயிரம்?"

"தொள்ளாயிரத்து அம்பது, டாயெங். மிச்சம் காலையிலயே உங்க பைக்குள்ள ஏறிடுச்சே. கைய விரிங்க."

"என் முகத்துக்கு நேரேயா எண்ணப் போறே?"

"நேரேதான்."

போர்ட்டர்கள் வேடிக்கை பார்க்க, வாய்விட்டு ஒவ்வொன்றாய் எண்ணி வைத்தாள். கடைசி நோட்டும் அந்த உள்ளங்கையில் போய் விழுந்தது.