பங்களா வளவில் ஏழு குச்சிகள்

எங்கள் ஊர்ப் பூங்காவைப் பூங்கா என்று சொல்பவர்கள் பிரதேச சபையில் மட்டும்தான் இருக்கிறார்கள். எங்களுக்கு அது பங்களா வளவு. குளம் கட்டிய காலத்தில் நீர்ப்பாசன எஞ்சினியர் குடியிருந்த பங்களாவின் அத்திவாரமும், குடியேற்றத்திட்டம் தொடங்கிய ஆண்டு பொறித்த கல்லும், இரண்டு வீரை மரங்களும் அங்கே மிஞ்சிக் கிடக்கின்றன. சண்டை முடிந்தபோது அந்த நிலம் முழுக்க மிதிவெடி. அதைக் கிண்டித் துப்புரவாக்கியவர்களில் ஒருவர் கமலாட்சி அக்கா.

ஒன்பது வருடம் அவர் அந்த வேலை செய்தார். முகத்துக்கு முன்னால் தடுப்பு, நெஞ்சில் பாரமான அங்கி. முழங்காலில் நின்று, ஒரு மீற்றர் அகலப் பாதையில் புல்லை நறுக்கி, இரும்பு கண்டுபிடிக்கிற மெசினால் தடவி, மண்ணைச் சுரண்டிச் சாண் சாணாக முன்னேற வேண்டும். முன்னால் சிவப்புத் தலைக் குச்சி நிற்கும். அதற்கு இப்பால் பார்த்த நிலம், அப்பால் பார்க்காத நிலம். குச்சியைத் தாண்டிக் கால் வைத்தால் வேலை போகும், இல்லாவிட்டால் கால் போகும் என்று சிரித்துக்கொண்டு சொல்வார். எங்கள் பக்கத்தில் வேலை முடிந்ததும் ஒரு சான்றிதழும் ஒரு குடையும் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். குடை அடுத்த மாரிக்கே உடைந்துபோனது.

பங்களா வளவில் ஊர்ச் செடிகளாலேயே ஒரு தோட்டம் வைக்கலாம் என்று எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னவரும் அவர்தான்.

"இந்தக் கையால எத்தினை காயாச் செடி, எத்தினை பாவட்டையை நறுக்கினனான் எண்டு கணக்கில்லை. திருப்பி வைக்க வேணும்" என்றார்.

நான் சங்கத்தின் செயலாளர். சபைக்குக் கடிதம் எழுதினேன். சபையிடம் ஏற்கெனவே வேறு திட்டம் இருந்தது: வளவு முழுக்கச் சீமெந்துக் கல் பதித்து, உடற்பயிற்சி மெசின்கள் பூட்டி, நீலச் சாயம் அடித்த யானை ஒன்று வைப்பது. காட்டோரத்தில் காட்டைப் பார்த்துக்கொண்டு சீமெந்து யானை. யாருடைய மூளையோ தெரியாது. ஆடிப் பாடிக் கேட்டதில் ஒரு வருடம் தந்தார்கள். ஐப்பசி முடிவதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து புழங்குகிற தோட்டமாக அது இருக்க வேண்டும், இல்லையென்றால் கல் பதிப்போம் என்றார்கள். நாங்கள் காயாவும் நொச்சியும் ஆவரசும் கொண்டுவந்து நட்டோம்.

கமலாட்சி அக்கா நட்டது காட்டுவள்ளி. அவர் பிறந்த காணி முல்லைத்தீவுப் பக்கம் ஓர் இராணுவ முகாம் வேலிக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. அங்குள்ள கோயிலில் பொங்க வருடத்தில் ஒரு நாள் விடுவார்கள். போன முறை போனபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. வேலிக்கரை வள்ளி மட்டும் கொடிவிட்டு நின்றிருக்கிறது. அகப்பைக் காம்பால் கிண்டி ஏழு கிழங்கு எடுத்துப் பொங்கல் பானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். இங்கே அவர் இருப்பது தம்பியின் வளவு. தம்பி அதை விற்கப் போவதாகக் கதை அடிபட்டதால் கிழங்கை அங்கே வைக்கவில்லை.

"இது ஊர்க் காணி. இதில இருந்து என்னை ஆரும் எழுப்பேலாது" என்று சொல்லி வீரை மரத்தடியில் நட்டார்.

வள்ளிக்கொடி கோடையில் கருகிப் போகும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கி மழைக்குத்தான் முளைக்கும். ஆவணி மாதம், எங்கள் பள்ளிக்கூடத்துக் கௌசலா ரீச்சர் நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு தோட்டம் பார்க்க வருவதாக நாள் குறித்தார். வெறும் மண் என்று நினைத்துப் பிள்ளைகள் கிழங்கின்மேல் ஏறி மிதித்துவிடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். அவருக்கோ அன்றுதான் வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக், முதல் பஸ்ஸில் போக வேண்டும். அதனால் முதல்நாள் பின்னேரமே ஏழு குச்சி சீவி, கோயில் மதிலுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புப் பெயின்ரில் தலையைத் தோய்த்து, கிழங்குக்கு ஒன்றாக நட்டுவிட்டுப் போனார். ஒருவரிடமும் சொல்லவில்லை. சிவப்புக் குச்சி நின்றால் யாரும் மிதிக்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது.

அது சரிதான். யாரும் மிதிக்கவில்லை.

காலையில் குச்சிகளைக் கண்ட ரீச்சர் வெளிறிப்போய், "நில்லுங்கோ. ஒருத்தரும் அசையக்கூடாது" என்றார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக, வந்த காலடியிலேயே கால் வைத்துப் பின்னுக்கு நடக்கச் சொல்லித் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு பிள்ளைகள் உடுப்போடு மூத்திரம் போய்விட்டன. ரீச்சரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பொலிஸ் வந்தது. மெசினோடு ஆட்கள் வந்து குச்சி நின்ற ஏழு இடத்தையும் கிண்டினார்கள். ஏழு கிழங்கும் மண்வெட்டியில் துண்டாகி வெளியே வந்தன. அவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, அந்தக் குச்சிகளில் ஒன்றைப் படலைப் பக்கம் நட்டு, அதிலிருந்து வளவைச் சுற்றிச் சிவப்பு நாடா இழுத்துவிட்டுப் போனார்கள். பின்னேரப் பஸ்ஸில் வந்திறங்கிய கமலாட்சி அக்கா நாடாவைப் பார்த்தார். மருந்துப் பையோடு நேரே பொலிசுக்குப் போய், "நான்தான் வைச்சனான்" என்று சொல்லிப் பேச்சு வாங்கினார். கிழங்கைக் கேட்டார். எறிந்துவிட்டோம் என்றார்களாம். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று தம்பி பெண்சாதி சொன்னாள்.

புரட்டாதி கடைசியில், நிலத்தில் ஒன்றும் இல்லை, நாடாவை எடுக்கலாம் என்று பொலிசில் இருந்து கடிதம் வந்தது. கடிதத்தை யார் நம்பினார்கள்? ஒரு தாயும் பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கவில்லை. ஐப்பசியும் பாதி போய்விட்டது. கௌசலா ரீச்சர்தான் கடைசி வழி ஒன்று சொன்னார்.

"கமலாட்சி அக்கா கிண்டின நிலம். அவாவே எல்லாருக்கும் முன்னால உள்ளுக்குப் போய் நடந்து காட்டட்டும். அவா நடந்தால் சனம் நம்பும்."

அக்கா உடனே சம்மதித்தார். சனிக்கிழமை காலை தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி தெருவில் நின்றார்கள். அவர் தோய்த்து மடித்த சேலையோடு வந்தார். படலை கடந்து பத்து அடி நடந்து நாடாவடிக்குப் போனார். நான் பக்கத்தில் போய் நாடாவை அவிழ்த்து நிலத்தில் விட்டேன். அவருடைய குச்சி மட்டும் அப்படியே நின்றது.

வலது காலைத் தூக்கினார். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தார். இன்னொரு முறை தூக்கினார், வைத்தார். பிறகு முழங்காலில் நின்று, குச்சிக்கு அப்பால் இருந்த புல்லை விரலால் மெல்ல விலக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

"அக்கா, நீங்களே கிண்டின நிலம்" என்றேன் மெதுவாக.

"தெரியும் சிவரூபி. நான் கிண்டினதுதான்." புல்லில் இருந்து கையை எடுக்கவில்லை. "அந்தக் கிழமை சரியான வெயில். பின்னேரத்தில கை நடுங்கும். எல்லாத்தையும் பார்த்தனான் எண்டுதான் நினைக்கிறன்."

கிண்டி முடித்துப் பதினொரு வருடமாகியும் இந்த நிலத்தைப் பற்றி அவர் ஒருமுறையாவது 'நினைக்கிறன்' என்று சொன்னதில்லை. இனி இந்த வளவும் போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது. அவரை எழுப்பி அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தும், நான் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது.

அவர் எழும்பிச் சேலை மண்ணைத் தட்டினார். தெருப்பக்கம் திரும்பி, தாய்மாரைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ."