நாலு வருசம் யோசித்த கலிபர்

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே இருந்த துப்பாக்கிச் சுடும் கழகத்தில் என்னைத் தவிர ஒரே ஒரு தமிழர்தான் இருந்தார். உயரமான, மெலிந்த பஸ் சாரதி. கதைக்கத் தொடங்கமுதல் விரலை நக்கி உயர்த்திக் காற்றுப் பார்ப்பார். கன்டீனுக்குள்ளும் பார்ப்பார்.

நெடுந்தூரப் போட்டிக்கு எந்தக் கலிபர் றைஃபிள் நல்லது, குழல்வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டேன். என் கோப்பி ஆறிப்போகும்வரை சொன்னார்.

“தம்பி, முந்நூற்றெட்டுக் கலிபரை நம்பலாம், ஆனா தோளிலை உதைக்கும். ஆறு மில்லிமீட்டர் உதைக்காது, ஆனா குழல் கெதியா தேஞ்சுபோம். ஆறரை ரெண்டுக்கும் நடுவிலை. குண்டு காத்துக்கும் பெரிசா விலகாது.”

“அப்ப ஆறரையை வாங்கிட்டியளோ, அண்ணை?”

“இல்லை, யோசிக்கிறன். நாலு வருசமா.”

அடுத்த கோடையில் ஆறரையோடு போட்டிக்கு வந்தார். எனக்குப் பக்கத்தில் படுத்துத் தூரத்து இரும்புத் தகட்டைச் சுட்டார். பத்துக் குண்டு, பத்துத் தரமும் ‘டிங்’ என்று சத்தம். நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

நடுவர் அவருக்குப் பூச்சியம் போட்டார். அவர் சுட்டது முழுக்க என்னுடைய தகட்டை.

ஆறுதல் சொல்லத் தயங்கித் தயங்கிக் கிட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாத்தியளே தம்பி? பத்தும் பட்டது. கலிபரிலை ஒரு பிழையுமில்லை!”

பூச்சியம் எடுத்துவிட்டு அவ்வளவு சந்தோசமாக வீட்டுக்குப் போன வேறொரு மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை.